சாணைத்தூள்

இரண்டு தலையணைகளுக்கு மேல் ஒரு சாக்கையும் மடித்து வைத்து, லீலாபாய் தன் கணவன் தாசையனின் முதுகை அதில் சாய்த்தாள். ஐந்து மாதமாக அவன் உட்கார்ந்தே உறங்குகிறான். படுத்தால் மூச்சு முட்டும். அவனுடைய இளைப்புச் சத்தம் வீடு முழுக்க அறுப்புவாள் மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. வெளியே கர்க்கடக மாத மழை விட்டு, கரமனைத் தென்னைகளின் மேல் வெள்ளையாக ஏதோ நின்றது. விடிந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்கம் கெட்டுக் கெட்டு, கொஞ்ச நாளாகவே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"வெந்நி தரட்டா?"

வேண்டாமென்று தலையசைத்தான்.

முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருஷம் வார்ப்பட்டறையில் சாணைக்கல் முன்னால் நின்று, வார்த்தெடுத்த இரும்பின் பிசிறுகளைத் தேய்த்தவன். கல் சுழன்றால் தூளில் ஆள் தெரியாது. கல்யாணமான புதிதில், இமையும் மீசையும் சாம்பல் பூத்து அவன் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். கல்லின் மேல் தண்ணீர் விட்டால் தூள் பறக்காது என்று அவன் மேனேஜரிடம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். இரும்பு துருப்பிடிக்கும் என்று பதில் வந்தது. அவன் வீட்டோடு ஆனபிறகு அந்தக் கல்லின் முன்னால் நிற்பது லீலாபாயின் தம்பி ராஜமணி.

"போயிட்டு வாரேன் அத்தான்" என்று சொல்லும்போதே ராஜமணிக்கு இருமல் வந்தது. தாசையன் கண்ணைத் திறந்து அவனையே பார்த்தான். உதடு அசைந்தது. லீலாபாய் காதைக் கொண்டுபோனாள்.

"அவன... அங்க... விடாத."

அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. ராஜமணி சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தான்.

மத்தியானம் சபையார் பாடியது எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. யார் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள், விட்டார்கள். மேனேஜர் வெங்கடேஸ்வரன் வலியசாலையிலிருந்து வந்திருந்தார். தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இந்த நேரத்துல கேக்கப்படாதுதான். திங்கட்கிழமை பாக்டரி இன்ஸ்பெக்டர் வரார். ஒரு ஒப்பு மட்டும் போட்டா போறும்மா."

அவள் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். தாசையனுக்குப் பரம்பரையாகவே இளைப்பு உண்டு, வேலையால் வந்ததல்ல என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தது.

"அன்னா இருக்காரே, அவங்க அப்பா. எழுவத்தொம்பது வயசு. பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தே வந்தாரு சார். மூச்சு வாங்கல்ல."

மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர் பேனாவை வாங்கி, கீழே மிச்சமிருந்த இடத்தில் அவள் நிதானமாக எழுதினாள்: 'இது உண்மையல்ல. கல்லில் தண்ணீர் விடும்படி என் கணவர் இரண்டு தரம் கேட்டார். விடவில்லை. இப்போது அங்கே என் தம்பி நிற்கிறான்.' பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

"நீங்க கிழிச்சுப் போட்டாலும் போடுங்க. திங்கட்கிழமை நான் பட்டறை கேட்டுல வந்து நிப்பேன்."

மேனேஜர் அதை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தூறல் விழுந்தது. கல்லறைத் தோட்டம் வரை குடையை விரிக்காமலே கடைசி ஆளாக நடந்துவந்தார்.

திங்கட்கிழமை அவள் போய் நின்றாள். தூளில்லாத இடமாகப் பார்த்து நிற்கச் சொன்னான் காவல்காரன். இன்ஸ்பெக்டர் காரைவிட்டு இறங்கியதும், அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, மேனேஜரே அந்தக் காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ராஜமணி ஈரச் சட்டையோடு வந்தான்.

"குழாய் வெச்சாச்சு அக்கா. தூளெல்லாம் சேறா ஒழுகிப் போவுது."

அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிடும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"அது என்ன சத்தம்டே?"

"எது?" அவன் காதுகொடுத்துக் கேட்டான். "கிள்ளியாறுல்லா அக்கா. எப்பவும் ஓடுகதுதானே."

"ம்" என்றாள். இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷமாகிறது; தாசையனின் இளைப்புச் சத்தத்தில் அந்த ஆற்றையே மறந்துபோயிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.