பெண் கேட்கப் போன பைக்

யொந்தோன் பேசுவதைவிட அவனுடைய பைக் அதிகம் பேசும் என்று கோபிப் பாலைவனத்துத் தலன்சத்கத் ஊர்ச் சந்தையில் எல்லோரும் கேலி செய்வார்கள். கேலியில் தப்பில்லை. முப்பது வயது ஆகியும் எதிரே ஒரு பெண் வந்தால் பயல் குனிந்து கார்புரேட்டரைத் துடைக்கத் தொடங்கிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் போன குளிர்காலத்து ஒட்டகப் பந்தயத்தில் நரங்கெரெல் என்ற பெண்ணைச் சந்தித்தான். இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்க டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தில் எந்த ஒட்டகம் ஜெயித்தது என்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

நரங்கெரெலின் அப்பா ஜம்பால் மணல்மேடுகளுக்கு அந்தப்புறம் ஒட்டகம் வளர்ப்பவர். "எங்கப்பா ஜீப்ல வர்றவங்களுக்கு டீ குடுப்பாரு. பொண்ணு குடுக்க மாட்டாரு," என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். கூடவே இன்னொரு செய்தியையும் சொன்னாள். மலையடிவாரத்துக் குடும்பம் ஒன்று அவளைக் கேட்டு வரப்போகிறதாம். இலையுதிர்காலத்தில் லாமா குறித்துக் கொடுத்த நல்ல நாளன்று யொந்தோன் வீட்டார் வந்து நிற்காவிட்டால், அப்பா அவர்களுக்குச் சரி சொல்லிவிடுவாராம்.

கோபியில் மாப்பிள்ளை தன் வாயால் பெண் கேட்பதில்லை. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நீலப் பட்டுத் துணியை இரண்டு கைகளிலும் ஏந்திப் போய்க் கேட்க வேண்டும். பெண்ணின் அப்பா பட்டை வாங்கிக்கொண்டால் சம்மதம். வாங்காவிட்டால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். யொந்தோனின் குடும்பத்தில் இதற்கு லாயக்கான ஆள் அக்காள் கணவர் ஷரவ் ஒருவர்தான். பேச ஆரம்பித்தால் ஒட்டகம்கூடப் படுத்துக்கொண்டு கேட்கும். ஒரே சிக்கல், அவர் எடை நூறு கிலோவுக்கு மேல். ஜீப் கூடாது என்றால் பைக்தான்; மணலில் அவரைப் பின் சீட்டில் வைத்து ஓட்டுவது யார் என்ற கேள்விக்குப் பதில் யொந்தோன் மட்டும்தான்.

கோடை முழுக்க அவன் பைக்கைத் தயார் செய்தான். அவன் அப்பா பந்தயக் குதிரை பழக்கியவர். பந்தயத்துக்கு முன் தீனியைக் குறைத்து, ஓடவிட்டு வியர்வை எடுத்து, குதிரையின் வயிற்றை ஒட்டிப்போகச் செய்வது அந்த வீட்டு வழக்கம். யொந்தோன் அதையே பைக்குக்கும் செய்தான். கண்ணாடியைக் கழற்றினான். இண்டிகேட்டரைக் கழற்றினான். ஹார்னைக் கழற்றினான், கோபியில் எவன் வழி விடப்போகிறான் என்று. மணல் போய் அடைத்துக்கொள்ளும், எடையும் அதிகம் என்று செயின் கவரையும் கழற்றி மூலையில் போட்டான். பிறகு வேண்டியதை மட்டும் ஏற்றினான். பெரிய பெட்ரோல் டாங்கி. மணலைக் கவ்வும் பட்டன் டயர். இஞ்சினின் அடிவயிற்றைக் கல் கிழிக்காமலிருக்க ஒரு தடித்த தகடு. மெதுவாகப் போனாலும் இழுவை குறையாமலிருக்கப் பின்பக்கம் பெரிய பல்சக்கரம்.

ஷரவ் வந்து பார்த்தார். கையில் சுருட்டிய கம்பளம் ஒன்று இருந்தது.

"எல்லாம் சரி மாப்ளே. நான் உக்கார்ற எடத்துக்கு என்ன பண்ணியிருக்க?"

"சீட்டு இருக்குல்ல மச்சான்."

"அது சீட்டா? பலகைக்குத் தோல் போர்த்தி வச்சிருக்க. பொண்ணு வீட்ல நான் நின்னுக்கிட்டே பேசணுமா?"

யொந்தோன் பெருமூச்சு விட்டு, வேறொரு பெரிய பைக்கின் ஷாக் அப்சார்பரைத் தேடி வாங்கி வந்து பின்னால் பொருத்தினான். ஸ்பிரிங்கை மச்சானின் எடைக்கு ஏற்ப வளையத்தைத் திருகித் திருகி இறுக்கினான். கம்பளத்தையும் கட்டினான். மச்சான் ஏறி உட்கார்ந்து ஆடிப்பார்த்தார். பைக் முனகியது, ஆனால் தாங்கியது.

அடுத்த தகராறு உடுப்பில் வந்தது. லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, எல்லையிலிருந்து யொந்தோன் ஒரு முழுக் கவசம் வரவழைத்திருந்தான். மார்புக்கும் முதுகுக்கும் தகடு, தோளுக்கும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் கெட்டிப் பட்டை. போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது சொந்த நாயே குரைத்தது. அவனுக்கு அதில் பெருமைதான். அக்கா தோல்கோர் பால்வாளியோடு வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் வாங்கினியா?"

"ஒண்ணுதான் கெடச்சுது அக்கா."

"அப்போ கழட்டு. நீ விழுந்து எந்திரிச்சே வளந்தவன். இந்த மனுசன் கட்டில்லேர்ந்து உருண்டாலே ஒரு மாசம் படுப்பாரு. அவருக்கு எதாவது ஆச்சு, உனக்குக் கல்யாணமே கெடையாது, சொல்லிட்டேன்."

யொந்தோன் கழற்றிக் கொடுத்தான். மச்சானின் தொப்பைக்கு வார் எட்டவில்லை. ஒட்டகச் சேணத்தின் வாரை வெட்டி ஒட்டுப்போட்டாள் அக்கா. அதன்மேல் தேல் என்ற நீள அங்கியை மாட்டி, பொன்மஞ்சள் பட்டுக் கச்சையை இடுப்பில் சுற்றிக் கட்டியபோது, ஷரவ் ஒரு கதவு நடந்து வருவதுபோல் வந்தார். கச்சை மட்டும் எந்தக் காரணத்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இடுப்பில் கச்சை இல்லாமல் பெரியவர் முன்னால் நிற்பதும் துணியில்லாமல் நிற்பதும் அங்கே ஒன்றுதான்.

"மூச்சு விட முடியுதா மச்சான்?"

"மூச்சு கெடக்குது. பேச்சு வருதுல்ல, அது போதும்." அதே காரணத்துக்காக வாயை மூடும் ஹெல்மெட் வேண்டாம் என்று முகம் திறந்த ஹெல்மெட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். புறப்படும்போது அக்கா சக்கரங்களின் மேல் பால் தெளித்தாள். கொஞ்சம் தம்பியின் முகத்திலும் தெறித்தது.

சரளைக்கல் சமவெளியில் பைக் பறந்தது. ஷரவ் பின்னாலிருந்து பெண் கேட்கும் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "உங்க வீட்ல ஒரு வெள்ளைக் கன்னு துள்ளுதுன்னு கேள்விப்பட்டோம், எங்க வீட்ல ஒரு கயிறு சும்மா தொங்குது..." இதையே இரவில் தங்கிய இடத்தில் தூக்கத்திலும் சொன்னார்.

மறுநாள் மணல்மேடுகள் தொடங்கின. மணலில் எடை பின்னால் இருக்க வேண்டும், விசையைக் குறைக்கக் கூடாது. யொந்தோன் இதை விளக்கிச் சொல்லியிருந்தான். ஷரவும் தலையாட்டியிருந்தார். ஆனால் ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர் எட்டி முன்னால் சாய்வார். முன்சக்கரம் மணலில் குத்தும். இரண்டு பேரும் மண்ணைக் கவ்வுவார்கள். ஷரவ் எழுந்து, தாடியிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். யொந்தோன் பைக்குக்கும் மச்சானுக்கும் அடியிலிருந்து ஊர்ந்து வந்து, சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி கிளப்புவான்.

நல்ல நாளன்று காலை கடைசி மேட்டையும் தாண்டிவிட்டார்கள். தூரத்தில் ஜம்பாலின் வெள்ளைக் கூடாரம் தெரிந்தது. காலையில் ஆட்டுக்கறியை வயிறு முட்டத் தின்றிருந்த ஷரவ், வண்டியில் இருந்தபடியே கச்சையைக் கொஞ்சம் தளர்த்தினார். திடீரென்று பின்னால் கரகரவென்று ஒரு சத்தம். ஷரவ் யாரோ பிடித்து இழுத்ததுபோல் இடதுபக்கம் சாய்ந்தார். பைக் நின்றுவிட்டது.

பொன்மஞ்சள் பட்டு முழுக்கச் செயினுக்குள் போய்ப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. யொந்தோன் கத்தியால் அறுத்து எடுத்தான். வந்தது எண்ணெய்க் கந்தல்.

"செயின் கவர் எங்க மாப்ளே?"

"வீட்ல."

"அது வீட்ல என்ன பண்ணுது?"

"எடை அதிகம்னு கழட்டிட்டேன்."

ஷரவ் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். "என்னையவே ஏத்திக்கிட்டு வர்ற. அந்தத் தகரம் உனக்கு எடையா?"

யொந்தோனுக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. டாங்கி, டயர், தகடு என்று ஒரு கோடையைச் செலவழித்தவன் கையளவுத் தகரத்தில் கோட்டைவிட்டான். திரும்பிப் போய் வேறு கச்சை கொண்டுவர நாள் இல்லை. கடன் கேட்க அக்கம்பக்கத்தில் ஆளும் இல்லை. கடைசியில் பெட்ரோல் கேனைக் கட்டியிருந்த ஒட்டகமயிர்க் கயிற்றை அவிழ்த்து மச்சானின் இடுப்பில் கட்டினான்.

"இழுத்து மூச்சு விடாதீங்க மச்சான்."

"பேச்சுன்னா மூச்சு வேணும்டா."

"நாயப் பிடிங்க" என்று விருந்தாளிகளின் வழக்கப்படி குரல் கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். ஜம்பால் ஒடிசலான மனிதர், கண்கள் மட்டும் கூர்மை. மூக்குப்பொடிப் புட்டிகளை மாற்றி முகர்ந்துகொண்டார்கள். நரங்கெரெல் உப்பு டீ ஊற்றினாள். யொந்தோனை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, அவனுடைய பூட்ஸைத்தான் பார்த்தாள்.

ஷரவ் எழுந்து நின்றார். நீலப் பட்டை இரண்டு கைகளிலும் ஏந்தினார். வெள்ளைக் கன்று வந்தது, சும்மா தொங்கும் கயிறு வந்தது. குரல் ஏற ஏற வயிறும் ஏறியது. பேச்சின் உச்சத்தில் முடிச்சு அவிழ்ந்து கயிறு தரையில் விழுந்தது. தேல் அங்கி இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளே கறுப்புக் கவசமும் ஒட்டகச் சேண வாரும் வெளிச்சத்துக்கு வந்தன. கைகளில் பட்டு இருந்ததால் அவரால் மூட முடியவில்லை. பழக்கதோஷத்தில் இன்னும் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத்தான் நிறுத்தினார்.

யொந்தோன் தரையைப் பார்த்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. மலையடிவாரத்துக் குடும்பம் ஒழுங்காகக் கச்சை கட்டிக்கொண்டு வரும்.

"அது என்னது?" என்றார் ஜம்பால்.

"விழுந்தா அடிபடாம இருக்கப் போடுறதுங்க," என்றார் ஷரவ். "பயம் எனக்கில்ல, என் வீட்டுக்காரிக்கு."

"தம்பியோடது எங்க?"

"ஒண்ணுதான் இருந்துச்சு ஐயா," என்றான் யொந்தோன்.

ஜம்பால் எழுந்து வந்து, கேட்காமலே அவன் சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கையில் தோல் இல்லை. இன்னொரு கையையும் பார்த்தார். அங்கேயும் அதே கதைதான்.

"நெறைய விழுந்தீங்களோ?"

"மணல் கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு," என்று ஷரவ் சமாளித்தார்.

"உங்களுக்கு எங்க அடி?"

ஷரவ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். யோசித்தார். தோளை அசைத்துப் பார்த்தார், முழங்காலை மடக்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்லியே," என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு குரல் தாழ்ந்தது. கன்று, கயிறு எதுவும் அதில் இல்லை. "நான் ஒரு தடவகூட மணல்ல விழல. இவன்மேலதான் விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் இவன் எனக்கு அடியில கெடந்தான். வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்தேன், இத நான் பாக்கவே இல்ல."

ஜம்பால் குனிந்து தரையில் கிடந்த கயிற்றை எடுத்தார். அங்கியை இழுத்து மூடி, ஷரவின் இடுப்பில் தன் கையாலேயே கட்டி, முடிச்சை இறுக்கினார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி நீலப் பட்டை வாங்கிக்கொண்டார்.

"என் சம்மதம் இது," என்றார். "அவ சம்மதம் என் கையில இல்ல."

அப்போதுதான் நரங்கெரெல் அங்கே இல்லை என்பதைக் கவனித்தார்கள். வெளியே பைக் உறுமியது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் பைக்கில் நின்றபடியே எதிர் மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். உச்சியில் சாயவில்லை, குத்தவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கி வந்து யொந்தோனின் காலடியில் நிறுத்தினாள்.

"டயர் நல்லாருக்கு," என்றாள். "பின்னாடி ஏன் இவ்ளோ கட்டியா வச்சிருக்க? கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்கு."

"மச்சானுக்காக இறுக்குனது."

"அவர எங்கப்பா ஒட்டகத்துல அனுப்பிடுவாரு." ஸ்பானரை எடுத்துக்கொண்டு மணலில் மண்டியிட்டாள். வளையம் ஒவ்வொரு பல்லாகத் தளர்ந்தது. பிறகு நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டாள். "உன் எடை எவ்ளோ?"

"பின் சீட்டுக்கு என் எடை எதுக்கு?"

"வேற யார் எடைய வைக்கிறது? நான் பின்னாடியெல்லாம் உக்கார மாட்டேன்."

யொந்தோனுக்குக் காது வரை சிவந்தது. ஷரவ் அவன் விலாவில் ஓர் இடி இடித்தார்.

"அறுபத்து நாலு கிலோ," என்றான்.

"கொஞ்சம் கூடவே வச்சு இறுக்குறேன்," என்றாள் நரங்கெரெல். "கல்யாணத்துக்கு அப்புறம் ஏறும்."