ஒன்றுகூடும் இடம்

குருவம்மாள் கழுவிக் காயவைத்திருந்த பள்ளிக்கூடப் பை, மகள் செல்வலட்சுமி ஐந்தாம் வகுப்பு வரை சுமந்தது. ஒரு பக்கத்து ஜிப் மட்டும் போயிருந்தது. அதற்கு ஊக்கு குத்திவிட்டு, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்துச் சாமான்களை உள்ளே அடுக்கினாள். குடும்ப அட்டை, ஆதார், மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்கள், கணவனின் சர்க்கரை மாத்திரை, இரண்டு தண்ணீர் பாட்டில், துவைத்த பருத்தி வேட்டி ஒன்று, பிஸ்கட், விசில், நான்கு தொலைபேசி எண்கள் எழுதிய அட்டை.

காகிதத்தைக் கொடுத்தவள் நர்ஸ் பர்வீன். தீக்காய வார்டில் பதினோரு வருடம் இருந்தவள். இப்போது வெம்பக்கோட்டை பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக் கூட்டங்களுக்கு வந்து, ஆபத்துக் காலத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தீக்காயத்தில் பேனா மையும் தோசை மாவும் தடவக்கூடாது, தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பாள். ஒவ்வொரு வீட்டிலும் கதவோரம் ஒரு பை தயாராக இருக்க வேண்டும் என்பாள். குரலை உயர்த்துவதே இல்லை. வரும் சனிக்கிழமை வீடு வீடாக வந்து பார்ப்பேன் என்று சொல்லிப் போயிருந்தாள்.

குருவம்மாளுக்கு எதிலும் முதலாவதாக நிற்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் அவள் கைவேகத்துக்கு ஈடு கிடையாது. பையிலும் ஒரு சாமான் குறையக்கூடாது என்று நினைத்தாள். டார்ச் லைட் மட்டும்தான் இல்லை. வீட்டிலிருந்த பழையதில் பேட்டரி கசிந்து துருப்பிடித்திருந்தது. அதற்குப் பதிலாக இரண்டு மெழுகுவத்தியும் ஒரு தீப்பெட்டியும் வைத்தாள். தீப்பெட்டிக்கா அந்த ஊரில் பஞ்சம்? லேபிள் கோணலாக ஒட்டியதால் கழித்துவிட்ட பெட்டிகள் எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடக்கும்.

காகிதத்தின் பின்பக்கம் இரண்டு கேள்விகள் இருந்தன. 'உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்துகள்' என்ற இடத்தில் வைப்பாற்று வெள்ளம், பாம்பு, இடி என்று எழுதினாள். 'அவசரத்தில் குடும்பம் ஒன்றுகூடும் இடம்' என்ற இடத்தில் எதிர்வீடு, பேச்சியம்மாள் மதினி என்று எழுதினாள்.

எழுதி முடித்துப் பையைக் கதவோரம் வைக்கப் போனாள். அங்கே இடமில்லை. மூன்று சாக்கு மூடைகள் நின்றன. எல்லாம் சின்ன வெடிகள். அவற்றைத் திரியோடு திரியாகப் பின்னிச் சரமாக்குவது வீட்டு வேலை. சட்டப்படி கம்பெனி ஷெட்டுக்குள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. தீபாவளி சீசனில் ஆர்டர் மிஞ்சும்போது ஏஜெண்ட் பிரபாகரன் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். தெருவில் ஒன்பது வீடு. ஏழு வீட்டில் அந்த வேலை நடந்தது.

மூடைகளை அவள் வேண்டுமென்று எழுதாமல் விடவில்லை. அது நினைவுக்கே வரவில்லை. ஆனி மாதம் வந்து ஐப்பசியில் போகும் அந்தச் சாக்குகளைத் தாண்டித் தாண்டி நடந்து அவள் கால் பழகிப்போயிருந்தது. ஒழுங்குக்கும் குறைவில்லை. மூடை உள்ளே இருக்கும் வரை அடுப்பு வெளியேதான். சாமிக்கு விளக்கு கிடையாது. லோடுமேனாக இருந்த கணவன் முனியசாமி பீடி பிடிக்கத் தெருமுனைக்குப் போவான். "கம்பெனியிலகூட இம்புட்டு கண்டிசன் கெடையாது. எங்க வீட்ல சாமிக்கே தீ குடுக்க மாட்டாக" என்று லாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

பையை மூடைகளுக்கு நேர் மேலே, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

பிறகு மகளைக் கூப்பிட்டுப் பழக்கினாள். செல்வலட்சுமிக்குப் பதினோரு வயது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. "தண்ணி வந்தாலும் சரி, கரண்டு போனாலும் சரி, அழப்பிடாது, அங்கிட்டு இங்கிட்டு ஓடப்பிடாது. மொதப் பையத் தொறக்கணும். எதுக்கு எது வேணுமோ அதுல இருக்கு" என்றாள். நான்கு முறை சொல்லவைத்துக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருட்டிக்கொண்டு மழை வந்தது. குருவம்மாள் தெருமுனைக் குழாயில் கடைசிக் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. குழாயடியில் இருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். குடத்தை இடுப்பில் ஏற்றித் திரும்பியவள், தெரு முழுவதும் இருட்டாக இருப்பதையும், ஒரே ஒரு சன்னலில் மஞ்சளாக வெளிச்சம் ஆடுவதையும் கண்டாள்.

அது அவள் வீடு.

குடத்தைக் கீழே வைத்தாளா போட்டாளா என்று அவளுக்கு நினைவில்லை. ஓடவில்லை. ஓடிப் போய்க் கத்தினால் பிள்ளை திடுக்கிட்டுக் கையைத் தட்டிவிடும் என்பது மட்டும் புத்தியில் நின்றது. நடந்து போனாள். வாசலில் நின்று பார்த்தாள்.

செல்வலட்சுமி பாயில் சம்மணமிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கவிழ்த்த டம்ளரின் மேல் மெழுகை உருக்கி, வத்தியை நட்டு, டம்ளரை நடு மூடையின் மேல் வைத்திருந்தாள். உயரத்தில் இருந்தால்தானே வெளிச்சம் நன்றாக விழும். குச்சியைக்கூட ஊதி அணைத்து, மறுபடி பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தாள்.

"அம்மா, நான் அழுகல" என்றாள்.

"சரித்தா. அசையாம இரு."

குருவம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். ஊதினால் பொறி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. சுடரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வாசற்படி இறங்கி, மழைத்தண்ணீர் ஓடிய சாக்கடையில் டம்ளரோடு போட்டாள்.

பீடி பிடிக்கப் போயிருந்த முனியசாமி தெருவின் மறுமுனையிலிருந்து வந்து சேர்ந்தான். விஷயம் தெரிந்ததும் மகளை அடிக்கக் கை ஓங்கினான். குருவம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"அவள ஏன் அடிக்கப் போறீக? நான் சொல்லிக்குடுத்ததத்தான செஞ்சா. என்னைய அடிங்க."

அவன் கை இறங்கியது. மூவரும் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். உள்ளே போக யாருக்கும் கால் வரவில்லை. குருவம்மாள் மட்டும் நுழைந்து ஆணியிலிருந்து பையை எடுத்துவந்தாள். காகிதத்தில் எழுதியபடி மகளையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். "ஏன் மதினி நனையுதீக? உள்ள வாங்க" என்று வழிவிட ஒதுங்கினாள். அவள் ஒதுங்கிய இடத்தில் ஐந்து மூடைகள் நின்றன. குருவம்மாள் காலை வாசற்படியில் வைத்தபடியே நின்றாள். அடுத்த வீட்டைப் பார்த்தாள். அங்கே எத்தனை மூடை என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்கடுத்த வீட்டிலும் தெரியும். தண்ணீர், மாத்திரை, விசில், தொலைபேசி எண் எல்லாம் தோளில் இருந்தன. ஓடிப்போய் நிற்பதற்கு ஓர் இடம் இல்லை.

கடைசியில் சத்துணவுக்கூடத்து வராந்தாவில் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பிரபாகரனுக்குப் போன் போட்டாள். மழை, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவன் சொன்னான். மூடை வீட்டை விட்டுப் போகும் வரை குடும்பம் வராந்தாவில்தான் இருக்கும், விடிந்தால் ஊரே வந்து காரணம் கேட்கும் என்று இவள் சொன்னாள். அரைமணியில் வேன் வந்தது.

மூடைகளைத் தார்ப்பாயில் மூடி ஏற்றும்போது பிரபாகரன் எரிச்சலோடு பேசினான். சீசன் முடிய மூன்று வாரம்தான், இனிமேல் கேட்டாலும் வேலை வராது என்றான். பிறகு எதிர்வீட்டைக் காட்டினான்.

"உங்க வீட்டத் தொடச்சு எடுத்தா மட்டும் ஆச்சாக்கும்? இந்தா, எட்டு அடியில அவுக வீட்ல அஞ்சு இருக்கு. அது வெடிச்சா உங்க செவுரு என்ன சாமி செவுரா?"

அவன் குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் முகம் மாறியது. உள்ளே திரும்பிப் பார்த்தாள். இரண்டு வயதுப் பேரன் மூடையின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் மூடையை ஒரு கையால் வாசலுக்கு இழுத்தாள்.

சனிக்கிழமை பர்வீன் வந்தபோது தெருவில் மூன்று வீட்டில் இன்னும் மூடை இருந்தது. மற்ற நான்கு வீடுகள் கொடுத்துவிட்டிருந்தன. கொடுத்தவர்களில் இருவர் குருவம்மாளைத் திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். வேலை போன வருத்தம் யாருக்கும் பொய்யில்லை. முனியசாமி, தீபாவளிக்கு எடுப்பதாக இருந்த துணியை இந்த வருடம் மகளுக்கு மட்டும் எடுப்பது என்று முடிவு செய்திருந்தான்.

பர்வீன் பையைத் திறந்து பார்த்தாள். மெழுகுவத்தி இருந்த இடத்தில் புது டார்ச் இருந்தது. காகிதத்தைத் திருப்பினாள். வெள்ளம், பாம்பு, இடி என்பதற்கு மேலே, பென்சிலால், 'வெடி மூடை மூன்று' என்று எழுதிக் கோடு போட்டு அடித்திருந்தது. அதை வாசித்துவிட்டு, பை நன்றாக இருக்கிறது என்றாள்.

"பையில ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றாள் குருவம்மாள். வாசலில் குழுப் பெண்கள் கூடியிருந்தார்கள். பேச்சியம்மாள் பேரனை இடுப்பில் வைத்திருந்தாள். "ஒங்க பட்டியல் தலகீழா இருக்கு. பைக்குள்ள என்ன வைக்கணும்னு முன்பக்கம் போட்டிருக்கீக. வீட்டுக்குள்ள என்ன வைக்கப்பிடாதுன்னுல மொத கேட்டிருக்கணும்? ஆபத்தக் கதவோரம் குடிவச்சிட்டு, அதுக்கு மேல ஆணியில நான் பைய மாட்டுனேன். என்னைய நானே ஏமாத்திக்கிட்டேன். இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க. ஒரு வீட்டக் காலி பண்ணாக் காணாது. ஓடிப்போயி நிக்கிறதுக்கு எதிர்வீடும் நல்லா இருக்கணும்."

பர்வீன் பேனாவை எடுத்தாள்.