சன்னாசி அண்ணன் மேடேறிய கதை

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வெள்ளம் வந்தால் ஆண்களைக் கூப்பிட்டுப் பயனில்லை. பகலில் எல்லாரும் ஈப்போவில் வேலையில் இருப்பார்கள். மலேசியாவில், பத்து காஜா பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டம் இது. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, ஆறு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் ராக்காயி அக்கா பெண்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். தாம்பாளத்தைத் தட்டினால் பதினொரு வீடும் மேட்டிலுள்ள பள்ளி மண்டபத்துக்கு ஏற வேண்டும். நடக்க முடியாதவரை நாற்காலியோடு தூக்க, பந்தல் போடும் இரும்புக் குழாய் இரண்டும் கயிறும் வைத்திருந்தோம். அரிசி மூட்டைகளை உட்கார வைத்து மூன்று மாதம் பழகினோம். நான் ஷாமினி, பின்பக்க இடது தோள்.

நாங்கள் தட்டினால் சனங்கள் ஜன்னலைத் திறந்து, “பயிற்சியா, நெசமா?” என்று கேட்டுவிட்டு டிவி நாடகம் பார்க்கப் போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெரிய தலைவலி அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் கணவர் சன்னாசி அண்ணன். முட்டி அறுவை முடிந்து ஆறு வாரம். எடை நூற்று நான்கு கிலோ, வீம்பு அதைவிடக் கூட.

அம்மன் கோவில் சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மதியம் மூன்று மணிக்கு ஆறு கரையை மீறியது. தட்டினோம். ஒருவரும் வரவில்லை. முதலில் அண்ணனைத் தூக்கலாம் என்று நாற்காலியோடு ஓடினோம். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“பொம்பளைங்க தோள்ல ஏறிப் போறதா? லயமே சிரிக்கும்லா. நான் வரமாட்டேன்.”

தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறியது. அக்கா கத்துவார் என்று பார்த்தேன். அவரோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சரி. ரெண்டு பேருமே இங்க இருப்போம். ஷாமினி, நீங்கல்லாம் போங்க.”

அக்கா சொன்னால் செய்கிறவர். அண்ணனுக்கும் அது தெரியும்.

“எந்திரிலா, சளி புடிக்கும்,” என்றார். பிறகு மெல்ல, “வாரேன். ஆனா எவனுக்கும் என் மூஞ்சி தெரியக் கூடாது.”

ஆளை மூடும் அளவுக்கு நனையாத துணி வீட்டில் ஒன்றுதான் இருந்தது. திருவிழாவுக்கென்று அக்கா அலமாரி உச்சியில் வைத்திருந்த சிவப்புப் பட்டு. தலையோடு கால் போர்த்தி நாற்காலியில் கட்டினோம். குழுவில் ஒருத்தியான மாரியம்மா தன் நாசி லெமாக் சோற்றுக் கடையின் பெரிய குடையை நாற்காலிக்கு மேல் கட்டிவிட்டு, தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அக்காவும் நானும் இன்னும் இரண்டு பேருமாக நால்வர் தூக்கினோம்.

கொட்டும் மழையில், தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? சிவப்புப் பட்டு, குடை, நாலு தோள். முதல் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

“அம்மன் வருது! அம்மனே வெள்ளத்துல எறங்கி வருது!”

மூன்று மாதம் தொண்டை கிழியக் கூப்பிட்டும் வராத சனம், முழங்கால் தண்ணீரில் தேங்காய்த் தட்டோடு ஓடி வந்தது. மழையில் சூடம் பற்றவில்லை. தண்ணீர் சொட்டி அணைக்கிறது என்று மாரியம்மாவின் குடையைத் திட்டினார்கள். மூச்சிரைப்பு என்று வேலையை விட்டுவிட்ட கடைசி வீட்டுப் பத்துமலை அண்ணன் நாற்காலிக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார்.

“தாயே, ஞாயித்துக்கெழமை லாட்டரிக்கு நாலு நம்பர் குடு!”

என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. அப்போது பட்டுக்குள்ளிருந்து அம்மன் கட்டைக்குரலில் உறுமியது.

“மேட்டுக்கு வா, சொல்றேன்!”

அவ்வளவுதான். பதினொரு வீடும் எங்களை முந்திக்கொண்டு மேடேறியது. பத்துமலை அண்ணனுக்கு மூச்சிரைப்பு உண்டு என்று யாராவது சொன்னால் இனிமேல் நான் நம்பமாட்டேன்.

மண்டபத்தில் ஆளை எண்ணினோம். வேலைக்குப் போனவர்கள் போக நாற்பத்தொன்று, ஒரு தலை குறையவில்லை. கீழே எங்கள் ஜன்னல்கள் தண்ணீருக்குள் போயிருந்தன. பட்டை விலக்கியதும் மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பத்துமலை அண்ணன் மட்டும், “பரவால்ல, நம்பரைச் சொல்லு,” என்றார்.

சன்னாசி அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் அழுத்தித் தோல் உரிந்திருந்தது.

“என்னைத் தூக்குற அளவுக்கு உனக்குத் தெம்பு இருக்குன்னு தெரியாதுலா,” என்றார்.

அக்கா சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “முப்பத்தாறு வருசமாத் தூக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க இன்னிக்குத்தான் மேல உக்காந்து பாத்தீங்க.”