சாக்லேட் டப்பாவில் வங்கி அட்டை

2022 அக்டோபர் 25, ஜர்கா நகரம். ஒரு தனியார் பள்ளியின் கணக்கறையில், பழைய சாக்லேட் டப்பா ஒன்றில், அங்கே வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருடைய வங்கி அட்டைகளும் இருந்தன. ஆண்களின் அட்டைகள் அவரவர் பணப்பையில் இருந்தன.

சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி வந்த பிறகு பள்ளி செய்துகொண்ட ஏற்பாடு அது. எல்லோர் கணக்கிலும் நானூறு தினார் ஏறும். சம்பள நாள் காலையில் கணக்காளர் உம்மு ரக்கான் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பணம் எடுக்கும் இயந்திரத்துக்குப் போவாள். திரும்பி வந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் இருநூற்று அறுபதை உறையில் போட்டுக் கொடுப்பாள். மிச்சம் உரிமையாளர் ஹாஜ் நாயிஃபின் மேசைக்குப் போகும். ஆண்களிடம் அட்டை கேட்டால் மானப் பிரச்சினையாகிவிடும் என்பது ஹாஜுக்குத் தெரியும். அதனால் கேட்டதில்லை.

ஆண்களிடம் அட்டை வாங்குவதில்லை என்பது சுஹைருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு இயற்பியல் எடுப்பவள். வேலையில் சேர்ந்த அன்றே அட்டையையும் ரகசிய எண்ணையும் கேட்டார்கள். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் மகள் பிறந்த வருடத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். பள்ளியில் எல்லோருக்குமே இப்படித்தான் பிடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

மாஹிர்தான் அந்த நினைப்பைக் கலைத்தான். கீழ்த்தளத்தில் மாணவர்களுக்கு அதே பாடம் எடுப்பவன். தேர்வுக்கு வினாத்தாள் வாங்க மேலே வந்தவன் (இரண்டு தளத்துக்கும் வினாத்தாள் போடுவது அவள்தான்) கல்யாண மண்டபங்களின் விலையைச் சொல்லிப் புலம்பினான்.

“முழுசா நானூறையும் எடுத்து வச்சாக்கூட முன்பணத்துக்குக் காணாது மிஸ்.”

“முழுசாவா?”

“பின்ன, பாதியாவா குடுக்குறாங்க?” என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மறுநாள் ஹாஜ் நாயிஃபின் அறைக்குப் போனாள். அவர் ஏலக்காய் போட்ட காப்பியை ஊற்றித் தந்து, மகளே என்று ஆரம்பித்தார். “மாஹிர் நாளைக்குக் கட்டிக்கப்போற பொண்ணுக்கு மஹர் பணம் குடுக்கணும், வீடு பாக்கணும். ஆம்பளைக்கு ஆயிரம் சுமை. நீங்கல்லாம் கைச்செலவுக்குத்தானே வர்றீங்க?”

“ஹாஜ், எங்க வீட்டுக்காரர் கடையை மூடி ரெண்டு வருஷமாச்சு. எங்க அடுப்பு எரியறதே இந்தக் கைச்செலவுலதான்.”

“அல்லாஹ் அவருக்கு ஒரு வழி திறக்கட்டும்” என்றார் ஹாஜ், மனதாரவே. அத்தோடு பேச்சு முடிந்தது.

சட்டம் அவள் பக்கம் இருந்தது. ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் வேறுபாடு காட்டினால் முதலாளிக்கு அபராதம் என்று 2019-இலேயே திருத்தம் வந்திருந்தது. கணவன் ஸாமி தொழிலாளர் அமைச்சகத்துக்கான புகாரைத் தொலைபேசியிலேயே தட்டித் தந்தான். அனுப்புவதற்கு முன் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தான். அனுப்பு என்றாள்.

மூன்றாவது வாரம் அமைச்சகத்தின் ஆய்வாளர் வந்தார். வங்கியின் தாள்களை விரித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் நானூறு. மாஹிரைக் கூப்பிட்டுக் கேட்டார். நானூறு என்றான், அது உண்மை. அரபி ஆசிரியை தஹானியை ஹாஜின் முன்னாலேயே கேட்டார். அவளும் தரையைப் பார்த்தபடி நானூறு என்றாள். சுஹைர் மட்டும் டப்பாவைப் பற்றிச் சொன்னாள். டப்பா கொண்டுவரப்பட்டது. அதற்குள் சாக்லேட் இருந்தது. ஆய்வாளர் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“அட்டையை யாராவது உங்ககிட்டேருந்து பிடுங்கினாங்களா?”

“இல்ல. நானேதான் குடுத்தேன்.”

“ரகசிய எண்ணையும் நீங்களே சொன்னீங்களா?”

“ஆமா.”

“அப்ப உங்க பணத்தை நீங்க யார்கிட்ட குடுத்தாலும் அது உங்க இஷ்டம். இதுல நான் என்னத்தை எழுதுறது, மிஸ்?”

மாடிப்படியில் தஹானி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது என்றாள். எல்லோருக்கும் ஜூனில்தான் முடிகிறது என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டாள் சுஹைர்.

அன்றே வங்கிக்குப் போய் அட்டை தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தாள். சில நாளில் புது அட்டை வந்தது. அடுத்த சம்பளத்தன்று காலை ஏழு மணிக்கு இயந்திரத்தின் முன் நின்று நானூறையும் தன் கையால் எடுத்தாள். வாடகைப் பாக்கியைக் கட்டினாள், எரிவாயு உருளை வாங்கினாள். மகளை நெடுநாளாகத் தள்ளிப்போட்ட பல் வைத்தியரிடம் கூட்டிப்போனாள்.

மறுநாள் உம்மு ரக்கான் ஆசிரியைகள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பழைய அட்டையை இயந்திரம் விழுங்கிவிட்டதாம்.

“நூத்தி நாப்பது குறையுது. எடு.”

“என் சம்பளம் அது. வேணும்னா ஹாஜை வந்து கேக்கச் சொல்லு.”

“அவர் உன்னை எதுக்குக் கேக்கணும்? என் கணக்குலதானே குறையுது, என் சம்பளத்துலேருந்து பிடிச்சிட்டுப் போறாரு.” உம்மு ரக்கான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “என் அட்டையும் அந்த டப்பாலதான் கெடக்கு, தெரியுமா உனக்கு? எனக்கும் இருநூத்தி அறுபதுதான்.”

சுஹைர் பணத்தைக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தன்னிடம் இல்லை என்றாள்; அதுவும் உண்மை. உன் அட்டையையும் தொலைத்துவிடு, இரண்டு பேரானால் அவர் யோசிப்பார் என்றாள்.

“கணக்கறைச் சாவி என் இடுப்புல தொங்குது. என் அட்டை தொலைஞ்சுதுன்னு சொன்னா எந்தக் கழுதை நம்பும்?”

அந்த மாதம் உம்மு ரக்கானுக்கு நூற்றிருபது தினார் கிடைத்தது. அவள் வீட்டில் வாரத்துக்கு மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் கணவன் இருக்கிறான். அவன் போய்வரும் வாடகை வண்டிக் கூலியை ஆசிரியைகள் சேர்ந்து போட்டுக் கொடுத்தார்கள். சுஹைரிடம் யாரும் கேட்கவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது. ஹாஜ் நாயிஃப் மட்டும் எப்போதும் போலப் புன்னகையோடு ஸலாம் சொல்லிப் போனார்.

திட்ட வேண்டியவரைத் திட்ட முடியாமல் சுஹைர் வீட்டில் ஸாமியைத் திட்டினாள். அவன் எழுந்துபோய்த் தேநீர் போட்டான். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்த மாதமும் தன் அட்டையால் தானே நானூறு எடுத்தாள். இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நூற்று நாற்பதைத் தனியாக எண்ணி, கணக்கறைக்குப் போய் மேசையில் வைத்தாள். உம்மு ரக்கான் எண்ணிப் பார்த்து டப்பாவில் போட்டாள். ஜூன் வரை அப்படியே நடந்தது.

ஜூனில் சுஹைரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஜூலையில் அமைச்சகத்தின் பதில் வந்தது: அந்நிறுவனத்தில் ஆண், பெண் ஊதியம் சமமாக உள்ளது, புகார் முடிக்கப்படுகிறது. செப்டம்பரிலிருந்து மேல்தளத்து மாணவிகளுக்கும் மாஹிரே இயற்பியல் எடுத்தான். அவன் சம்பளம் அதே நானூறு தினார்.