கொம்பும் காலும் தனியாக

சந்திரமதி அந்த விளையாட்டைச் செய்த ஒன்பது நாளும் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறாமை என்று இப்போது எழுதுகிறேன்.

அவள் என் மனைவி. எங்கள் ஊரான தம்போயில் ஒரு தமிழ்ப் பாலர் பள்ளியில் ஆசிரியை. நான் பத்தொன்பது வருடமாக எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்வந்து கணினி நிரல் எழுதுகிறவன். எழுத்துகள் மழைபோல விழ வேண்டும், பிள்ளைகள் அவற்றைப் பிடித்துச் சொல்லாக்க வேண்டும், எந்த போனிலும் இணையத்தில் திறந்து விளையாட முடிய வேண்டும் என்று இரண்டு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பேன். ஒரு பள்ளி விடுமுறையில் என்னைக் கேட்பதை விட்டுவிட்டு, நிரல் எழுதித் தரும் ஏஐ ஒன்றிடம் பேச ஆரம்பித்தாள்.

அதைத் தம்பி என்று கூப்பிட்டாள்.

"தம்பி, மழை கொஞ்சம் மெதுவா பெய்யட்டும்" என்று வாயால் சொல்லிக்கொண்டே தட்டுவாள். அது எழுதித் தருவதை எடுத்து ஒட்டுவாள். ஓடாவிட்டால் திட்டுவாள். ஓடினால் நன்றி சொல்வாள். அடுத்த அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்கும்.

நான்காம் நாள் எழுத்து உடைந்தது. கொக்கு என்ற சொல்லில் முதலில் க மட்டும் தனியாக விழுந்தது. அதன் பின்னால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்தது. அந்த வட்டத்தின் இரண்டு பக்கமும் கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க, இதக் கொஞ்சம் பாருங்களேன். கொக்கு செத்து விழுது."

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நமக்கு 'கொ' ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

"உன் தம்பியையே கேளு லா" என்றேன்.

கேட்டாள். சரியாகிவிட்டது என்று அது மூன்று முறை சொன்னது. மூன்று முறையும் கொக்கு உடைந்தே விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசித்தது.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு நம்ம எழுத்து எது எதுன்னே தெரியலங்க. நம்ம பிள்ளைங்க மாதிரிதான். உக்கார வெச்சு சொல்லிக் கொடுத்தா தீந்துச்சு."

அகரத்திலிருந்து ஆய்தம் வரை இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாலை பிடித்தது. நான் தேத்தண்ணி எடுக்கும் சாக்கில் பின்னால் நடந்து திரையைப் பார்த்தேன்.

"ஞௌ எதுக்கு? அதுல ஒரு வார்த்தையும் இல்லையே."

"வார்த்தை இல்லன்னா எழுத்து இல்லாம போயிடுமா? நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

அந்த ஒரு வரியை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டியலைக் கொடுத்ததும் கொக்கு முழுதாக விழுந்தது. இது அருமையான யோசனை என்று ஏஐ எழுதியதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"அது எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்" என்றேன்.

"தெரியும்ங்க" என்றாள். "ஆனா சொல்லுதுல்ல."

அடுத்து வந்த பிப்ரவரியில் அவளுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ஏப்ரலில் பாலர் பள்ளியில் அவள் நினைவாக ஒரு சின்னக் கூட்டம் வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். பெற்றோர் முப்பது பேர் இருக்கும். தலைமை ஆசிரியை யோகேஸ்வரி பெரிய டிவியில் அந்த விளையாட்டைத் திறந்தார்.

"நம்ம டீச்சருக்காக சார் செஞ்சு கொடுத்தது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"நான் செய்யல. அவங்களே செஞ்சது" என்றேன்.

"யோசனை டீச்சரோடதா இருக்கும். சார் அடக்கமா பேசுறாரு."

"இல்லைங்க. கம்ப்யூட்டர் வேலையும் அவங்கதான். ஏஐகிட்ட பேசிப் பேசிச் செஞ்சாங்க."

முன் வரிசையில் ரூபேந்திரன் என்று ஓர் அப்பா. தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவராம். "அப்ப ஏஐ செஞ்சதுன்னு சொல்லுங்க சார்" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். வீட்டில் நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் சத்தமாகச் சொன்னார். ஒன்று நான் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் செய்திருக்க வேண்டும். அந்த அறையில் அவள் செய்ததாக நம்ப யாரும் இல்லை.

அதனால் முழுவதையும் சொன்னேன். எழுத்து உடைந்ததையும், எனக்குத் தெரிந்தும் நான் வாய் திறக்காததையும், அவள் உட்கார்ந்து அத்தனை எழுத்தையும் தட்டியதையும் சொன்னேன்.

"ஏன் சார் சொல்லல?" என்று ரூபேந்திரன் கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"பொறாமை" என்றேன்.

யோகேஸ்வரி டிவியை அணைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிட வாங்க என்றார். மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை என் கையில் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்களிடமும் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். சார் செஞ்சது என்று அவர் சொல்லிக் கைதட்டல் எழுந்ததே, அது எனக்கு இனித்தது, அடங்கும் வரை நான் காத்திருந்தேன். அடங்கிய பிறகுதான் மறுத்தேன்.