கலியமூர்த்தியின் அன்புத் தாயார்

அம்மா செத்ததில் கலியமூர்த்திக்குத் துக்கம் இருந்ததா இல்லையா என்பதை அவரைப் படைத்தவன்தான் சொல்ல வேண்டும். துக்கப்பட அவருக்கு நேரம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். உள்ளாட்சித் தேர்தல் வாசலுக்கு வந்துவிட்டது. சிதம்பரத்தில் அவருடைய வார்டுக்கு நாலைந்து பேர் அடிபோட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு விழவில்லை. அந்த வகையில் கலியமூர்த்தி முந்திக்கொண்டார்.

இது அவருடைய மகள் மோகனப்பிரியாவுக்கு நன்றாகவே தெரியும். காரியம் முடிந்த கையோடு தெற்கு வீதியில் கல்யாண மண்டபம் பிடித்து, படத்திறப்பு என்று அறிவித்து, “மாவட்டம் வர்றாரு, நகரம் வர்றாரு” என்று கட்சிச் செயலாளர்கள் வருவதைச் சொல்லி அப்பா போனில் பூரித்தபோதே அவளுக்கு வயிறு எரிந்தது.

பாட்டி தில்லையம்மாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெற்றதையெல்லாம் வளர்த்துக் கரை சேர்த்துவிட்டு, பல் ஆடத் தொடங்கிய வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதக் கிளம்பியவள். அதே வருஷம்தான் மோகனப்பிரியாவும் எழுதினாள். பேத்தி பாஸ். பாட்டி கணக்கில் ஃபெயில். “எங்க போயிடப் போவுது அந்த எழவெடுத்த அல்ஜீப்ரா?” என்று பாட்டி மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினாள். மானம் போய்விட்டதென்று கலியமூர்த்தி கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கமே தலைகாட்டவில்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் சுனாமி வந்தது. கடலூர் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப் போன தில்லையம்மாள் திரும்பி வரவில்லை. அங்கே வேலை அப்படிக் கிடந்தது. கடலூர் வெயிலுக்கு லாரி லாரியாகக் கம்பளிச் சட்டை வந்து இறங்கியது. போட்டுப் பார்க்க முடியாத சட்டைக்கெல்லாம் பெண்கள் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் இவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால்தான் விடிவு என்று பாட்டி அங்கேயே ஒரு ரூம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வகுப்பு, பகலில் ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு அலைச்சல். குப்பத்தில் அவளுக்குப் பேர் டீச்சரம்மா. லீவு விட்டால் மோகனப்பிரியா அங்கே ஓடிவிடுவாள். மகன் ஒரு தடவைகூடப் போனதில்லை.

சாவிலும் அவர் பறந்தார். கடலூர் ஆஸ்பத்திரியில் உயிர் போன கையோடு ஆம்புலன்ஸ் வைத்து சிதம்பரம் கொண்டுவந்து, பொழுது சாய்வதற்குள் எரித்து முடித்தார். மறுநாள் கட்சிக் கூட்டம். குப்பத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

“மொகத்தக்கூடப் பாக்க உடலியே பாப்பா,” என்று போனில் அழுதாள் லோகநாயகி. மீன் கூடை சுமக்கிறவள். பாட்டியின் முதல் மாணவி.

“படத்திறப்புக்கு வாங்கக்கா. படத்துலயாவது மொகத்தப் பாத்து ஒரு தடவ அழுதுட்டுப் போங்க. நான் முன்னால உக்கார வெக்கிறேன்,” என்று வாக்குக் கொடுத்தாள் மோகனப்பிரியா. அந்த வாக்குதான் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாட்டிக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. குப்பத்துப் பெண்களோடு எடுத்தது. தலை கலைந்து, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருப்பாள். அதை வாங்கிப் பார்த்த ஸ்டுடியோக்காரர் சற்றும் கலங்கவில்லை.

“மொகம் மட்டும் போதும்ண்ணே. ஒடம்பு நம்மகிட்ட ரெடியா இருக்கு. பட்டுப்பொடவ ஒடம்பு இருக்கு, நகை போட்ட ஒடம்பும் இருக்கு. எது வேணும்?”

கலியமூர்த்தி இரண்டும் சேர்ந்த உடம்பு கேட்டார். வைர மூக்குத்தி ஏறியது. காசுமாலை ஏறியது. முகத்தின் கறுப்பு இறங்கியது. நோயாளி மாதிரி இருக்கிறதென்று கண்ணாடியைக் கழற்றினார்கள். கண்ணாடி போன இடத்தில் வேறு யாருடைய கண்களையோ வைத்தார்கள்.

“யாருப்பா இது?” என்று கேட்டாள் மோகனப்பிரியா.

“ஒன் பாட்டிதான். கொஞ்சம் வசதியா இருக்காங்க. செத்தப்புறமாவது வசதியா இருக்கட்டுமே, ஒனக்கு இன்னா போச்சு?”

அழுதும் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தாள். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான்.

படத்திறப்பு அன்று அவளை மாலை வாங்கி வைக்கிற வேலையில் உள்ளேயே முடக்கிவிட்டார்கள். மாவட்டம் இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் மைக்கைச் சும்மா விடக்கூடாதென்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். “பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்தறியாத அந்தத் தாய்...” என்று அவர் தழுதழுத்தபோது கலியமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தாம் வகுப்பை இரண்டு தரம் எழுதிய பாட்டி, பட்டுத்துணிக்குப் பின்னால் காசுமாலையோடு காத்திருந்தாள்.

அப்போது மோகனப்பிரியாவின் போன் அடித்தது. லோகநாயகி.

“பாப்பா, நீ எடத்த மாத்திச் சொல்லிட்டியா? அந்த மண்டபத்துல யாரோ பணக்கார அம்மாவுக்கு விசேஷம் நடக்குது. நாங்க பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்துட்டோம். கடலூர் வண்டி நிக்குது, ஏறிடட்டுமா?”

“ஏறாதீங்கக்கா! தோ வர்றேன்!”

வாசலுக்கு ஓடி வந்தபிறகுதான் அந்த ஃபிளெக்ஸை அவள் நின்று பார்த்தாள். ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி அப்பா; ஸ்டுடியோக்காரர் கைபட்டு அவருக்கும் அடையாளம் தெரியாத அளவுக்கு வயசு குறைந்திருந்தது. பக்கத்தில் மாவட்டம், நகரம். கால்மாட்டில் அந்தக் காசுமாலை அம்மாள். ‘எளியோரின் ஏணி, வார்டின் விடிவெள்ளி, அண்ணன் கலியமூர்த்தி அவர்களின் அன்புத் தாயார்’ என்று தொடங்கி, அஞ்சலி செலுத்துகிறவர்களின் பேர் வரிசையாக வந்தது. செத்தவள் பேர் மட்டும் இல்லை. இடம் பத்தியிருக்காது.

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினாள். கடலூர் பஸ் நிற்கிற இடத்தில், மாலையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அது பாட்டிதாங்கா.”

“அதுவா? அந்தக் கழுத்துல கெடக்குறத வித்தா எங்க குப்பத்தையே வாங்கலாமே!” என்றாள் லோகநாயகி. “போர்டு முழுக்கப் படிச்சோம் பாப்பா. எழுத்து எழுத்தாக் கூட்டிப் படிச்சோம். டீச்சரம்மா பேரு எங்கயும் இல்ல.”

படிக்கத் தெரியாதவர்களாக இருந்திருந்தால் ஒருவேளை உள்ளே வந்திருப்பார்கள். மோகனப்பிரியாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். லோகநாயகி அவள் தோளை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்; குரலெடுத்து ஒப்பாரி வைத்தாள். மற்றவர்களும் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். விசில் ஊதப்போன கண்டக்டர் விசிலைக் கீழே இறக்கினார். பூக்காரி கடையை விட்டு வந்து நின்றாள். பாட்டிக்காக யாராவது சத்தமாக அழ மாட்டார்களா என்று மோகனப்பிரியா அத்தனை நாளாக ஏங்கிக்கொண்டிருந்தாள். அவளும் வாய்விட்டு அழுதாள்.

சேதி மண்டபத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இங்கே ஒரு கூட்டம் வீணாகிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி கஞ்சிபோட்ட வேட்டி மொடமொடக்க வண்டியில் வந்து இறங்கினார்.

“எல்லாரும் எந்திரிங்கம்மா. வேன் அனுப்பச் சொல்லியிருக்கேன். மண்டபத்துல வந்து அழுவுங்க, சாப்பாடு இருக்குது. மாவட்டம் வர்ற நேரம்.”

“நீங்க யாரு?” என்றாள் லோகநாயகி.

சிதம்பரத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கை தானாகக் கும்பிட்டது. “நான்தாம்மா கலியமூர்த்தி.” போர்டில் படித்த பேர்தான், ஆனாலும் யார் முகத்திலும் ஒன்றும் அசையவில்லை. கையை இறக்கினார். “தில்லையம்மாளோட பையன்.”

லோகநாயகி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதானா அது! தீவாளிக்குத் தீவாளி, எம்புள்ள வருவான்னு நல்ல சுறாக் கருவாடாப் பாத்து எடுத்து வெப்பாங்கப்பா. ‘அவனுக்கு வேல ஜாஸ்தி, பாவம்’னு சொல்லிட்டு, அப்புறம் எங்களுக்கே கொழம்பு வெச்சு ஊத்துவாங்க.” அவள் குரல் இறங்கியது. “கோச்சுக்காத தம்பி. இத்தினி வருசமா ஒன் பங்க நாங்கதான் தின்னுட்டோம்.”

கலியமூர்த்தியின் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. “மாவட்டமா இருக்கும்ப்பா,” என்றாள் மோகனப்பிரியா. அவர் எடுக்கவில்லை. வேட்டியோடு அந்தப் புழுதியில் உட்கார்ந்தார்.

“எனக்குக் கருவாடு புடிக்கும்னு அம்மாவுக்கு ஞாபகம் இருந்துச்சா?” என்று மகளிடம் கேட்டார்.

மோகனப்பிரியாவுக்குக் கோபம் தீரவில்லை. அது அன்றைக்குத் தீருகிற கோபமும் இல்லை. ஆனாலும் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.