ஈரத் தாழ்வாரத்தின் மாமியார்

2002 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. தொச்சிகி மாநிலத்தின் அஷிகாகா நகரில், ரயில்பாதைக்கு வடக்கே இருக்கும் வாடகை வீடியோ கடையில் ‘ஈரத் தாழ்வாரம்’ என்ற படம் அலமாரியில் வைக்கப்பட்டது.

மறுநாள் மிசாவோ நெகிஷி அதை எடுத்து வந்தாள். பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை செய்பவள். கோடை விடுமுறை அன்றுதான் தொடங்கியிருந்தது. படம் அவள் வீட்டிலேயே எடுக்கப்பட்டது. மார்ச் மாதம் ஒரு வேனில் வந்து இறங்கிய எட்டுப் பேர், ஐந்து நாள் அந்த வீட்டுக்குள் நடந்தார்கள், கிடந்தார்கள், அலறினார்கள். அவள் சம்மதித்ததற்குக் காரணம் அம்மா கினு. கினுவுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். ஆகஸ்டு வந்துவிட்டால் வாரம் நான்கு வீடியோ எடுத்துவரச் சொல்வாள். தர்பூசணியை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைக்காமல் பார்ப்பாள். “இந்தப் பொண்ணு முகம் கழுவாம வந்திருக்கா, அவ்வளவுதான்” என்பாள். “டோப்பா நழுவுது பாரு. பேய்க்கு ஒரு கொண்டை ஊசி வாங்கிக் குடுக்க ஆளில்ல.” போன அக்டோபரில், தூக்கத்திலேயே, எண்பத்தொன்றாம் வயதில் போய்ச் சேர்ந்தாள். தன் வீட்டில் பேய்ப்படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அம்மா எழுந்தே வந்திருப்பாள் என்று மிசாவோ அப்போது வேடிக்கையாக நினைத்துக்கொண்டாள்.

படம் அவள் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. கையில் பிடித்த சிறிய கேமரா, கல்யாண வீட்டு வீடியோ போல ஆடியது. வெளிச்சம் முழுக்க நீலம். தாழ்வாரத்தை ஈரமாக்க அவளுடைய பூவாளியால்தான் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு காட்சியில் ஓரமாகப் பூவாளியின் மூக்கே தெரிந்தது. அவள் இரண்டு முறை சிரித்தாள். பேயாக வந்த பெண் இடைவேளைகளில் அவளோடு உட்கார்ந்து ஊறுகாய் தின்ற பெண். அவள் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கியபோது, பாவம், மூக்கு சிவந்திருக்குமே என்று தோன்றியது.

படம் முடியும் தறுவாயில் கேமரா பூஜை அறைக்குள் போனது. பூஜை மாடத்துக்கு மேலே, சட்டமிட்ட புகைப்படத்தில் அம்மா இருந்தாள்.

படம் எடுக்க வந்தவர்கள் படம் எடுக்கத் திட்டமிட்ட அறைகளிலிருந்த முன்னோர் புகைப்படங்களை எல்லாம் கழற்றி, துணியில் சுற்றி வைத்துவிட்டுத் தங்கள் போலிப் படங்களை மாட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் மழை. வெளிக்காட்சியைக் கைவிட்டு அவசரமாகப் பூஜை அறைக்கு மாறினார்கள். இளைஞன் ஒருவன் பூஜை மாடத்தின் மீது துணி போர்த்தினான். தலைக்கு மேலே பார்க்கவில்லை. இறந்தவர்களுக்குப் போட்டோ கடைக்காரர் செய்கிற வழக்கமான படம்தான் அது. வெந்நீர் ஊற்றுக்குச் சுற்றுலா போனபோது, சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டே சிரித்த முகத்தை வெட்டி எடுத்து, கறுப்புக் கிமோனோ போட்ட வேறு யாருடைய தோளிலோ ஒட்டியிருந்தார்கள். கழுத்து கொஞ்சம் பொருந்தாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான், யாரும் கவனிப்பதில்லை. நீல வெளிச்சத்தில், நெருக்கத்தில், அது கவனிக்கும்படி இருந்தது. ஒரு ஆண் குரல் நிதானமாகச் சொன்னது: “இந்த வீட்டில் கிடைத்த ஒரே புகைப்படம் இது. மருமகளை மெத்தை வைக்கும் அலமாரியில் பூட்டிப் பட்டினி போட்டுக் கொன்ற மாமியார்.” பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: இது உண்மைச் சம்பவங்களின் பதிவு.

மிசாவோ டேப்பைப் பின்னோக்கி ஓட்டி, உறைக்குள் வைத்தாள். அந்த உறையில் அவள் வீட்டு வாசல் அச்சாகியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ‘நெகிஷி’ என்ற பெயர்ப்பலகை.

திங்கட்கிழமை தயாரிப்பாளருக்குப் போன் செய்தாள். குனிமாட்சு என்பவர். குரலில் எப்போதும் கொஞ்சம் ஓட்டம் இருக்கும், மாடிப்படி ஏறிக்கொண்டே பேசுகிறவர் போல.

“மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க வீட்டப் பத்தி எல்லாரும் கேக்கறாங்க!”

“எங்கம்மா போட்டோவ எடுத்துடுங்க.”

“அது உங்க அம்மாவா? ஐயையோ. நம்ம ஆளுங்க மாட்டுனதுன்னு நெனச்சேன். எடிட்டிங்ல பாத்துட்டு டைரக்டர் துள்ளிக் குதிச்சாரு. அந்த முகம்தான் மேடம் படத்துக்கே உயிர்.”

“அவங்க உயிர் போய் ஒரு வருஷம் ஆகல. உங்க படத்துக்கு எங்கேர்ந்து குடுப்பாங்க?”

“டேப் எல்லாம் நாடு பூரா போயாச்சு. இப்ப திரும்ப வாங்க முடியாது. வேணும்னா ஒண்ணு செய்யறோம். நல்ல கோயில் பூசாரியா கூட்டிட்டு வந்து வீட்டுக்குத் தூய்மைச் சடங்கு செஞ்சுடலாம். செலவு எங்களோடது. நாங்களே ஷூட் பண்ணிக்கறோம். ரெண்டாம் பாகத்துக்கு ஆரம்பமாவும் ஆச்சு.”

மிசாவோ ரிசீவரை வைத்துவிட்டாள்.

படத்தைப் பார்த்துவிட்டு வாலிபப் பிள்ளைகள் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மோட்டார் சைக்கிளில், காரில், தோளில் கேமராவோடு. பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில் வேலிக்கு வெளியே நின்று, ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். பெயர்ப்பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதுகூட அவளுக்குப் பெரிதாக இல்லை. குப்பை போடும் இடத்தில் பக்கத்துத் தெருப் பெண்கள் அவளைக் கண்டதும் பேசுவதை நிறுத்திக்கொண்டதுதான் உறைத்தது. நாற்பது வருடம் கினுவிடம் முள்ளங்கி வாங்கிச் சாப்பிட்டவர்கள். ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது: “யோசிச்சுப் பாத்தா, அந்த வீட்டு மருமகளும் திடீர்னுதானே காணாமப் போனா.”

ஆகஸ்டு முதல் வாரம் தெருச் சங்கத் தலைவர் ஓசாவா வந்தார். அரிசிக்கடைக்காரர். வாசலிலேயே நின்றுகொண்டு விசிறியால் கழுத்துக்கு வீசினார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“மிசாவோம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்கு. பூசாரிகிட்ட பேசிட்டேன். பன்னிரண்டாம் தேதி காலைல வந்து நாலு மந்திரம் சொல்லிட்டுப் போயிடுவாரு. தெருவுல எல்லாரும் பாத்தா மனசு அடங்கிடும்.”

“என்னத்துக்குத் தூய்மை?”

“என்னத்துக்கோ. இருந்தா போகட்டும், இல்லேன்னா நஷ்டமில்ல.”

“பதிமூணாம் தேதி ஒபோன், தலைவரே. அம்மாவுக்கு முதல் வருஷம். செத்துப்போனவங்க வீட்டுக்குத் திரும்பி வர்ற நாள், அவங்களும் வருவாங்க. முதல்நாள் பூசாரிய வெச்சுத் துரத்திட்டு, மறுநாள் விளக்கு போட்டு வாங்கன்னு கூப்பிடவா?”

ஓசாவாவின் விசிறி நின்றது. “அந்த விளக்கையும் இந்த வருஷம் போடாம விட்டா நல்லது. வெள்ளை விளக்கு தொங்குறதப் பாத்தா அந்தப் பசங்க இன்னும் கிளம்புவானுங்க.”

“போடுவேன்.”

“தெரு சொல்லுதும்மா.”

“அஞ்சு நாள் எட்டுப் பேர் கத்துனப்ப தெரு வேடிக்கைதானே பாத்துச்சு. உங்க பொண்ணு பேயோட போட்டோ எடுத்துக்கல?” என்றாள் மிசாவோ. “இதுக்கு ஒத்துக்கிட்டா எங்கம்மா கொலைகாரின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. நடக்காது.”

அன்று மாலை அவள் ஒரு காரியம் செய்தாள். அம்மா இறந்தபோது தபாலில் ஊதுபத்திக் கட்டு அனுப்பியிருந்தவர்களில் ஒருத்தி செத்சுயோ. அண்ணனின் முன்னாள் மனைவி. விவாகரத்தாகி இருபது வருடம்; அண்ணனும் இறந்து எட்டு வருடம். உறவு முறிந்து போன மருமகளை முதல் ஒபோனுக்கு அழைப்பது எங்கும் வழக்கமில்லை. கூப்பிட்டால் அவளைச் சங்கடப்படுத்துவதாகத்தான் அர்த்தம். மிசாவோ தகாசாகியில் இருக்கும் அவளுடைய சாப்பாட்டுக் கடைக்குப் போன் செய்து, முழுக்கதையையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

மறுமுனையில் முதலில் எண்ணெய் பொரியும் சத்தம்தான் கேட்டது. பிறகு சிரிப்பு.

“பட்டினி போட்டா? என்னையா? மிசாவோ, இப்ப நான் இருக்கற இருப்பப் பாத்தா அந்த அலமாரிக்குள்ள பாதிதான் போவேன்.”

“அண்ணி, வரச் சொல்ல எனக்கு உரிமை இல்ல.”

“அத விடு. நான் அந்த வீட்ட விட்டுக் கிளம்பறப்ப பெட்டி கட்டிக் குடுத்தது யாருன்னு நெனச்சே? உங்கண்ணன் குடிச்சுட்டுக் கிடந்த நாள்ல, உங்கம்மாதான் என் துணியெல்லாம் மடிச்சு வெச்சாங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாங்க. ‘திரும்பிப் பாக்காதே, திரும்பினா நானே அடிப்பேன்’னாங்க. நான் திரும்பல. இருபது வருஷம்.” எண்ணெய்ச் சத்தம் நின்றுவிட்டது. “எத்தன மணிக்கு விளக்கு ஏத்துவே?”

மிசாவோவுக்கு இது தெரியாது. அண்ணி இரவோடிரவாக ஓடிவிட்டதாகத்தான் அண்ணன் சொன்னான். அம்மா மறுத்ததில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை பூசாரி வந்தார். மிசாவோ வாசலில் நின்று வணங்கினாள், பார்லித் தேநீர் கொடுத்தாள், உள்ளே விடவில்லை. அவர் சங்கடத்தோடு குடித்துவிட்டு, வெயில் கடுமை என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல்களுக்குப் பின்னால் தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

பதிமூன்றாம் தேதி ஆறு மணிக்குச் செத்சுயோ வந்தாள். குட்டையான, அகலமான பெண். ஒரு கையில் தர்பூசணி, ஒரு கையில் பொரித்த கோழி டப்பா. தாழ்வாரத்துக் கூரை விளிம்பில் வெள்ளைக் காகித விளக்கு ஏற்கெனவே தொங்கியது. இருவரும் வாசலில் சணல் தண்டுகளை அடுக்கி, அம்மாவை வரவேற்கத் தீ மூட்டினார்கள். புகை தெருவில் தவழ்ந்தது.

வேலிக்கு அப்பால் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் வந்து நின்றிருந்தார்கள். ஒருவன் கையில் கேமரா. அவர்களைத் தடுக்க வந்தவர் போல ஓசாவாவும் வேகமாக வந்து சேர்ந்தார்.

“உள்ள வரலாமா, ஆன்ட்டி?” என்றாள் கூட வந்த பெண், பாதி பயத்தோடு. “அந்த அலமாரிய மட்டும்…”

“வாங்க” என்றாள் மிசாவோ. “செருப்பக் கழட்டுங்க. கேமராவ அங்கேயே வையி. இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல ஊதுபத்தி.”

மூவரும் பூஜை மாடத்தின் முன்னால் முட்டி போட்டார்கள். கேமராக்காரன் நிமிர்ந்து மேலே பார்த்தான், முகம் வெளுத்தது. “அந்த அம்மாதான்” என்று கிசுகிசுத்தான்.

“அந்த அம்மாவேதான்” என்றாள் செத்சுயோ, தர்பூசணியை வெட்டிக்கொண்டே. “எங்க மாமியார். அவங்க பட்டினி போட்டுக் கொன்ன மருமக நான்தான். கால் இருக்கா பாத்துக்க.”

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் உண்மையிலேயே அவள் காலைப் பார்த்தாள்.

செத்சுயோ எழுந்துபோய் அலமாரிக் கதவைத் தள்ளித் திறந்தாள். மெத்தைகள், குளிர்கால அடுப்பு, அம்மா தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த பேய்ப்பட டேப்புகள் இரண்டு பெட்டி. “தட்டிப் பாக்கணும்னா தட்டிப் பாருங்க. அப்புறம் வந்து சாப்பிடுங்க, கோழி ஆறுது.”

பின்னாலேயே வந்த ஓசாவா செருப்பு கழற்றும் இடத்தோடு நின்றுவிட்டார். செத்சுயோ அவரைப் பார்த்தாள்.

“அரிசிக்கடை அண்ணே. என்னைத் தெரியுதா? நான் பஸ் ஏறின அன்னிக்கு நீங்க கடை ஷட்டரத் தூக்கிட்டு இருந்தீங்க. மாமி உங்களுக்குக் காலை வணக்கம்கூடச் சொன்னாங்க.”

“பாத்தேன்” என்றார் ஓசாவா. விசிறியை மடக்கினார், விரித்தார். “பாத்தேன்தான். ஆனா அந்தப் படத்தப் பாத்தப்புறம், நான் பாத்தது எதுன்னு எனக்கே சரியாத் தெரியாமப் போச்சு.”

“இப்ப தெரியுதா?” என்றாள் மிசாவோ.

ஓசாவா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பூஜை மாடத்தின் முன்னால் ஊதுபத்தி எடுத்தார். இரண்டாவது தீக்குச்சியில்தான் பற்றியது. பிள்ளைகள் தர்பூசணிக் கொட்டைகளைத் துப்ப இடம் தெரியாமல் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்துப் பலகை உலர்ந்து, பகல் வெயிலின் சூட்டை இன்னும் வைத்திருந்தது. வேலிக்கு வெளியே இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செத்சுயோ எட்டிப் பார்த்து, இன்னொரு தட்டு எடுத்தாள்.

தூய்மைச் சடங்கு நடக்கவில்லை. படத்தின் இரண்டாம் பாகம் டிசம்பரில் வந்தது. சிபாவில் வேறொரு வீட்டில் எடுத்திருந்தார்கள். முதல் பாகத்திலிருந்து கினுவின் முகம் நீக்கப்படவில்லை.